அரை மணிக்கு ஒரு நலம்

தாவ்னோ கிவெலா நலமாக இருந்தார். திரை அப்படித்தான் சொன்னது. அவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி, பக்கத்தில் ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல், அதற்கும் பக்கத்தில் அவர் நிற்கும் இடம். அலுவலகம் இருந்த தண்டர் பே நகரத்திலிருந்து வடக்கே அரை நாள் வண்டி ஓட்டி, அதற்கப்புறம் பனிவண்டியில் காட்டைக் கிழித்துக்கொண்டு போனால் வரும் ஒரு சின்ன அணை. வெளியே குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டியிருந்தது. இந்தக் குளிரில் தனியாகக் காட்டுக்குள் போகிறவருக்குக் கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மதகை ஐஸ் அடைத்திருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பார்க்காவிட்டால் அப்படிச் சொல்கிறவர் வீட்டிலும் விளக்கு எரியாது.

இப்படித் தனியாகப் போகிறவர்களுக்குக் காவல் இருப்பதுதான் சிர்க்கா நியெமி வேலை பார்த்த நிறுவனத்தின் பிழைப்பு. ஒவ்வொருவர் மார்பிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கும். அரை மணிக்கு ஒருமுறை அதிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் ‘நலம்’ என்று அலுவலகத்துக்கு வந்து சேரும். வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகக் கருவி இரண்டு தடவை கீச்சிடும். அழுத்தாமல் முக்கால் மணி ஓடிவிட்டால் அலுவலகத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும், முன்னறையில் உட்கார்ந்திருக்கும் நோரீன் போலீசைக் கூப்பிடுவாள், ஹெலிகாப்டர் கிளம்பும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த மணி அடிக்கவேண்டிய நேரத்தில் அடிப்பதை நம்பி நானூறு பேர் காட்டிலும் சுரங்கத்திலும் இருந்தார்கள்.

இத்தனை பேரின் அரை மணிகளையும் கட்டி மேய்ப்பது ஒரு கணினி நிரல். யார் அழுத்தினார், யாருடைய பழைய எச்சரிக்கையைத் தூக்க வேண்டும், புதியதை எப்போதைக்கு வைக்க வேண்டும் என்று ஓயாமல் பணிகளை நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்கும். பல வருடங்களாக அதற்குள் ஒரே ஒரு கைதான். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். மந்தமான கை, ஆனால் குழப்பம் தெரியாத கை. சுரங்கக் கம்பெனிகள் வரிசையாக வந்து சேர்ந்ததும் அது திணற ஆரம்பித்தது. எட்டுக் கை வைத்துவிடலாம் என்று முதலாளி மெர்ல் முடிவு செய்தாள். நிரல்காரர்கள் இந்தக் கைகளை இழைகள் என்பார்கள். எட்டு இழை வைப்பது ஒரு மத்தியான வேலை. எட்டும் ஒன்றன் சட்டைப்பையில் ஒன்று கைவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உயிரை வாங்கும். சிர்க்கா அதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். எங்கெங்கே இரண்டு இழைகள் ஒரே பொருளைத் தொடுமோ அங்கெல்லாம், ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி, பூட்டுப் போட்டாள். போன வெள்ளிக்கிழமை அது சர்வரில் ஏறியது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரு முனகல் இல்லை. அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அதை வெளியே காட்டாமல் இருப்பதில் இன்னொரு பெருமை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் போடாமல் எதுவும் சர்வருக்குப் போகக்கூடாது. அதையும் மீறி எதையாவது உடைத்தவர் மறுநாள் எல்லோருக்கும் பெர்ஷன் வாங்கி வரவேண்டும். இளஞ்சிவப்புப் பழப்பாகு வழியும் அந்தப் பன் இந்த ஊரை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. சிர்க்கா வாங்கி யாரும் தின்றதாக யாருக்கும் ஞாபகமில்லை.

புதன்கிழமை காலை, காப்பி எடுக்கப்போனவளை நோரீன் நிறுத்தினாள். நோரீன் கைகள் எப்போதும் எதையாவது பின்னிக்கொண்டிருக்கும், கண் திரையில் இருக்கும், வாய் ஊரில் இருக்கும்.

“உன் எட்டுக் கை என்ன வசியம் பண்ணுச்சோ கண்ணு, தாவ்னோ திருந்திட்டாரு.”

“திருந்தற அளவுக்கு என்ன பண்ணினாரு?”

“நேரத்துக்கு அழுத்தறாரு. எத்தனை வருசமா அந்த மனுசனப் பாக்கறேன், ஒருநாளும் மணிக்கு அழுத்தினதில்ல. மொதல்ல காப்பிய ஊத்துவாரு, ரெண்டு வாய் குடிப்பாரு, அப்புறம் போனாப்போகுதுன்னு நம்மள நெனைப்பாரு. இன்னிக்கு எட்டு மணிக்குக்கூட பத்து நிமிசம் லேட்டு. அதுக்கப்புறம் பாரு, எட்டரைன்னா எட்டரை, ஒம்போதுன்னா ஒம்போது. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கற புள்ளையாட்டம்.”

நோரீன் சிரித்தாள். சிர்க்காவும் சிரித்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போனாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. காப்பியை யாருடைய மேஜையிலோ வைத்துவிட்டு, நடையை எட்டிப்போட்டு, தாவ்னோவின் வரிசையைத் திரையில் விரித்தாள்.

எட்டரை என்றால் வெறும் எட்டரை இல்லை. எட்டரை மணி, பூஜ்ஜிய நொடி. ஒன்பது மணி, பூஜ்ஜிய நொடி. ஒன்பதரையும் அப்படியே. மற்ற நானூறு பேரின் நேரங்கள் கோழி கிளறிய மண் மாதிரி தாறுமாறாகக் கிடந்தன. மனிதர்கள் அப்படித்தான். இருமுவார்கள், கையுறையைக் கழற்றுவார்கள், ‘ஒரு நிமிஷம்’ என்பார்கள். தாவ்னோவின் வரிசை மட்டும் கோடு கிழித்தது போல் இருந்தது.

அவர் நிற்கும் இடத்தின் எண்ணைப் பார்த்தாள். ஒருவர் கல்லாகச் சமைந்து நின்றாலும் அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் ஆடும். செயற்கைக்கோளிலிருந்து எடுக்கும் கணக்கு அப்படி. இந்த எண் ஆடவே இல்லை. எட்டு மணி பத்து நிமிடத்தில் இருந்த அதே எண், கடைசிப் புள்ளி வரைக்கும்.

பத்து மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. சிர்க்கா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடாக்கும் குழாய் சுவருக்குள் தட்டிக்கொண்டிருந்தது. நொடி முள் மேலே ஏறி நின்றதும் புதிதாக ஒரு வரி பிறந்தது. தாவ்னோ கிவெலா, நலம். அதே இடம். யாரோ பொத்தானை அழுத்தினார்கள், அழுத்தியவர் தாவ்னோ இல்லை என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. முதுகில் யாரோ ஈரத்துணியை ஒட்டியது போல் இருந்தது. பட்டப்பகல், பக்கத்து அறையில் நோரீன் பேசிக்கொண்டிருக்கிறாள், இருந்தும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரெஸ்ட்டின் மேஜை எதிரே. அவன்தான் அவளோடு சேர்ந்து நிரல் எழுதும் இன்னொரு ஆள். பெருத்த உடம்பு, தாடியில் எப்போதும் ரொட்டித் தூள்.

“ஒரெஸ்ட், இங்க வா. செத்தவன் பொத்தான அழுத்துவானா?”

“சம்பளம் குடுத்தா அழுத்துவான்,” என்று எழுந்து வந்தான். வரிசையைப் பார்த்தான். தாடியைத் தடவினான். “கருவி பழுதா இருக்கும். பொத்தான் ஐஸ் புடிச்சு அமுங்கிக்கிச்சு.”

“அமுங்கிக்கிட்டா விடாம வரும். அரை மணிக்கு ஒண்ணு ஏன் வருது?”

“அப்ப நம்ம பக்கம்னு சொல்றியா?”

“என் பக்கம்.”

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் ஒரெஸ்ட் விளையாட்டை விட்டுவிட்டான். இருவரும் சோதனைக்கென்று தனியாக இருந்த சர்வரில், உலகத்திலேயே இல்லாத ஒரு ஆளை உருவாக்கினார்கள். பெயர்கூட வைக்கவில்லை, ஒரு எண்தான். ஒரே ஒரு தடவை அவனுக்காகப் பொத்தானை அழுத்தினார்கள், ஆயிரம் மற்ற பணிகளை அதே நேரத்தில் எட்டு இழைகள் மேலும் கொட்டினார்கள். அரை மணி காத்திருக்க முடியாது என்று அதை அரை நொடியாகச் சுருக்கினார்கள். முதல் ஆறு தடவை ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆள் ஒருமுறை நலம் என்று சொல்லிவிட்டு அடங்கிவிட்டான், எச்சரிக்கை முறையாக அடித்தது. ஏழாவது தடவை அவன் அடங்கவில்லை. நலம், நலம், நலம் என்று திரையில் இறங்கிக்கொண்டே போனான். யாரும் எதையும் தொடவில்லை. ஒரெஸ்ட் இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“நிப்பாட்டாத. உள்ள எந்த இழை என்ன செய்யுதுன்னு பதிவு எழுதச் சொல்லு, புடிச்சிடலாம்,” என்றான்.

பதிவை ஏற்றினாள். உடனே நின்றுவிட்டது. எச்சரிக்கை அடித்தது. பதிவை இறக்கி மறுபடி ஓடவிட்டார்கள்; கொஞ்ச நேரத்தில் அவன் மறுபடி நலமானான். பதிவை ஏற்றினார்கள், போய்விட்டான்.

“பாத்தா ஒளிஞ்சிக்குது,” என்றான் ஒரெஸ்ட். அவன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. “சின்ன வயசுல கட்டிலுக்குக் கீழ இருக்கும்னு சொல்லுவோமே, அதாட்டம்.”

சிர்க்காவுக்கு ஏன் ஒளிகிறது என்று தெரியும். பதிவு எழுதும்போது இழைகள் கொஞ்சம் தாமதிக்கும், தாமதித்தால் முட்டிக்கொள்ளாது. தெரிந்தும் மயிர்க்கூச்செறிந்தது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பதெல்லாம் காரணம் தேடும் வரைக்கும் சொல்லிக்கொள்வது.

தான் எழுதியதை அவள் கண்ணால் படிக்க ஆரம்பித்தாள், எழுத்துக்கூட்டிப் படிப்பவள் மாதிரி விரல் வைத்து. மூன்றாவது பக்கத்தில் இருந்தது. வரும் ‘நலம்’ ஒவ்வொன்றையும் ஒரு இழை எடுக்கும். எடுக்கும் இடத்தில் பூட்டு இருந்தது. முடித்ததும் ‘முடிந்தது’ என்று குறிக்கும். அங்கேயும் பூட்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஒரு பூட்டைத் திறந்து இன்னொன்றை மூடும் அந்த இடைவெளியில், எதுவும் இல்லை. அந்த நேரத்தில் இன்னொரு இழை வந்து அதே ‘நலத்தை’க் கையில் எடுத்தால், அது முடிந்துபோனது என்று அதற்குத் தெரியாது. அரைகுறையாக நிற்கிறதே என்று நல்ல மனதோடு அதை மறுபடி வரிசையில் வைக்கும்: கடிகாரத்தில் அடுத்த அரை மணி அடிக்கும்போது மீண்டும் முயலவும். அடுத்த அரை மணிக்கு அது புதிய நலமாக எழுந்து வரும். பழைய எச்சரிக்கையைத் தூக்கும், புதியதை முக்கால் மணி தள்ளி வைக்கும், காட்டுக்குள் இருக்கும் கருவிக்கு ‘கிடைத்தது’ என்று இரண்டு கீச்சு அனுப்பும். மறுபடி இரண்டு இழைகள் அதை எடுக்கும். இப்படியே நாள் முழுக்க. ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு சர்வர் அவரை உயிரோடு வைத்திருந்தது.

“இத நீ படிச்சியா?” என்று கேட்டாள். குற்றம்சாட்டும் குரல் இல்லை, உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது.

ஒரெஸ்ட் தாடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டான். “வெள்ளிக்கிழமை பையனுக்கு ஹாக்கி. நீ எழுதினதாச்சே, உன்னுதுல என்னத்தத் தேடறதுன்னு ஒப்புதல் போட்டுட்டேன்.”

“நீ படிப்பியேன்னு நான் ரெண்டாவது தடவ பாக்கல.”

இருவரும் எழுந்து மெர்ல் அறைக்குப் போனார்கள்.

மெர்ல் கெட்டவள் இல்லை. கையில் இருந்ததெல்லாம் போட்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கியவள். அவளுடைய அண்ணன் ஒருவன் மரம் வெட்டப் போய் மரத்தடியிலேயே செத்துக் கிடந்தவன் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் போன மாதம் பொய் எச்சரிக்கையில் ஹெலிகாப்டர் போய் ஒரு கணக்கெடுப்பாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டு வந்திருந்தது. இன்னொரு முறை அப்படி நடந்தால் பெரிய வாடிக்கையாளர்கள் விலகிவிடுவார்கள் என்று கடிதமே வந்திருந்தது.

“திரை அவரு நல்லா இருக்காருங்குது,” என்றாள் மெர்ல்.

“திரை பொய் சொல்லுது மெர்ல். நான்தான் சொல்லக் கத்துக்குடுத்தேன்,” என்றாள் சிர்க்கா.

“நிச்சயமா?”

“பழுது நிச்சயம். அவரு விழுந்து கெடக்காரா, இல்ல அழுத்த மறந்துட்டு மதகத் தட்டிக்கிட்டு இருக்காரா, அது தெரியாது. அதத்தான் தெரிஞ்சிக்கவே முடியாது இப்ப.”

“அப்ப கேப்போம். கருவிக்கு ‘பதில் சொல்லு’ன்னு அனுப்பு.”

கருவியை ஒலிக்கச் செய்யும் அந்த ஆணையை நோரீன் அனுப்பினாள். மற்ற மூவரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் கழித்துப் பச்சையாக ஒரு வரி விழுந்தது. தாவ்னோ கிவெலா, நலம்.

மெர்ல் மூச்சை விட்டாள். “பாத்தியா. பதில் சொல்லிட்டாரு.”

“மணியப் பாருங்க,” என்றாள் சிர்க்கா.

பதினொன்று. பூஜ்ஜிய நொடி. நோரீன் பின்னிக்கொண்டிருந்ததை மடியில் போட்டாள். “ஏசுவே,” என்று மெதுவாகச் சொன்னாள். “அப்ப நம்மகிட்ட பேசறது யாரு?”

மெர்ல் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு புள்ளிக்காக ஹெலிகாப்டரை அனுப்பச் சொன்னால் போலீஸ் என்ன கேட்கும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது: உங்கள் கருவி அவர் நலம் என்கிறதே, பிறகு எதற்குக் கூப்பிட்டீர்கள்? சிர்க்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அவர் எட்டேகாலுக்கு விழுந்திருந்தால் மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. இந்தக் குளிரில் மூன்று மணி நேரம்.

“எல்லாத்தையும் நிறுத்திடறேன்,” என்றாள்.

“எதை?”

“பணி எடுத்துக் குடுக்கற மொத்தத்தையும். வரிசைய வழிச்சுப் போட்டுட்டு, நானூறு கருவியையும் ஒரே நேரத்துல ஒலிக்க விடுவோம். உசுரோட இருக்கறவங்க அழுத்துவாங்க. நடுவுல எதுவும் திருப்பிச் சொல்லாது, நேரா நம்ம திரைக்கு வரும்.”

“நானூறு பேருக்கும் நம்ம சர்வர் விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சிடும்,” என்றாள் மெர்ல்.

“ஆமா.”

மெர்ல் ‘செய்’ என்று சொல்லவில்லை. ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். சிர்க்கா தன் இடத்துக்குப் போய் ஆணையை எழுதினாள். சர்வர் இரண்டாவது ஆளின் ஒப்புதல் கேட்டது. அது அவர்களே வைத்த விதி. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரெஸ்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் எழுதியதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தான். உதடு அசைந்து அசைந்து படித்தான். பிறகு ஒப்புதல் போட்டான்.

திரை முழுக்கச் சாம்பல் நிறமானது. நானூறு பெயர், ஒன்றுக்கும் நிறமில்லை. எல்லாரும் ஒரே நொடியில் இறந்துபோன ஊர் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எங்கோ ஓரத்தில் ஒரு பச்சை. கீழே இரண்டு. நடுவில் ஒன்று. நாலைந்து சேர்ந்தாற்போல. சுரங்கத்தில், ரயில் பாதையில், மரம் வெட்டும் இடங்களில் இருந்தவர்கள் கையுறையைக் கழற்றி, சனியனே இப்ப என்ன என்று திட்டிக்கொண்டே அழுத்தினார்கள். ஒரு ஒழுங்கும் இல்லை. இவ்வளவு அழகான ஒன்றைத் தன் திரையில் சிர்க்கா பார்த்ததில்லை.

பத்து நிமிடத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

“மாகாண போலீசா? நான் மெர்ல் பேசறேன்,” என்று பின்னால் குரல் கேட்டது. “ஒருத்தர் விழுந்து கெடக்காரு. ஆமா, உறுதியாத்தான் சொல்றேன். தப்பு எங்களோடது, அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல கிளம்புங்க.”

அன்று மாலை வரைக்கும் அந்த நிரலை அவர்கள் ஏற்றவில்லை. நோரீனும் ஒரெஸ்ட்டும் பழைய காலத்து ஆட்கள் மாதிரி காகிதத்தில் கோடு போட்டு, ஒவ்வொருவராகக் கருவியை ஒலிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தாவ்னோவின் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. அவர் கருவிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு சொல்லும் போகவில்லை. சிர்க்கா இரண்டு பூட்டுகளை ஒரே பூட்டாக்கினாள். எடுப்பதும் முடிப்பதும் ஒரே கையின் ஒரே செயலாக, நடுவில் மூச்சுவிட இடமில்லாமல். ஒரு மணி வாக்கில் செய்தி வந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

நோரீன் அழுதாள். ஒரெஸ்ட் வெளியே போய்க் குளிரில் கோட்டு இல்லாமல் நின்றுவிட்டு வந்தான். சிர்க்கா சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தோடு ஒரு வார்த்தையும் பேசாதே என்று மெர்ல் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் சிர்க்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தாவ்னோ கிவெலாவை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. நீண்ட முகம், குளிர் தீய்த்த மூக்கு, தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் யார், எந்த அலுவலகம் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டுவார் என்று தயாராகிப் போயிருந்தாள்.

“உக்காரும்மா, உக்காரு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“நீங்க எனக்கு நன்றி சொல்லக்கூடாது.”

“ஏன் சொல்லக்கூடாது? கேளு. கரையில பனிக்குக் கீழ தண்ணி இருந்துச்சு, கவனிக்கல. கால் உள்ள போயி முறுக்கிக்கிச்சு, எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டுச்சு. விழுந்த வேகத்துல கருவி அறுந்துபோயி பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. கைய விட்டா விரல் நுனிகூட எட்டல. சரி, முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். அப்பத்தான் அது கீச்சு கீச்சுன்னுது. ‘கெடச்சுது’ன்னு. எனக்கு எவ்ளோ தெம்பாயிடுச்சு தெரியுமா? நான் அழுத்தல, இருந்தும் அவங்க பதில் சொல்றாங்கன்னா, ஏதோ சரியில்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வந்துக்கிட்டு இருக்காங்க. இப்பிடித்தானே நெனைப்பாங்க எவனும்?”

சிர்க்கா தலையாட்டினாள்.

“அரை மணிக்கு ஒருக்கா. நான் அதுக்காகவே முழிச்சிருந்தேன். கண்ணு சொருகும்போதெல்லாம், இரு, அடுத்த கீச்சு கேட்டுட்டுத் தூங்கலாம்னு சொல்லிக்குவேன். அதுகிட்ட பேசக்கூட செஞ்சேன். ஹெலிகாப்டர் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடிகூட அடிச்சுது. கட்டித் தூக்கும்போது இடுக்குக்குள்ள இருந்து இன்னொரு தடவ அடிச்சுது. அந்தப் போலீஸ் பையன் கைய விட்டு அதையும் எடுத்துக்கிட்டான். நன்றிகெட்டவனா அத அங்கயே விட்டுட்டு வர முடியுமா?”

ஹெலிகாப்டர் போய்ச் சேர்ந்தது மத்தியானம். பதினொன்றேகாலுக்கே சிர்க்கா எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். கருவி இப்போது அவள் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள், அதன் மின்கலம் ஹெலிகாப்டர் போவதற்கு வெகுநேரம் முன்பே குளிரில் செத்திருக்க வேண்டும் என்றார்கள். சாகப்போகிற மூளைக்கு என்னென்னவோ கேட்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் தாவ்னோ. குரலைத் தாழ்த்திக்கொண்டார், கூச்சப்படுகிறவர் மாதிரி. “அந்தப் பக்கம் யாரு உக்காந்திருந்தது? அந்த நேரம் பூரா எங்கூட இருந்தது யாரு? நீயாம்மா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் அதைத்தான் கேட்க விரும்பினார், மெர்லும் அதைக் குறை சொல்லமாட்டாள். சிர்க்கா வாயைத் திறந்தாள். பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு தாங்கள் எல்லாரும் அன்று காலை காப்பி குடித்தது ஞாபகம் வந்தது.

“யாரும் இல்ல,” என்றாள். “நீங்க எட்டு மணிக்கு அழுத்தினத மெஷின் திரும்பத் திரும்ப எடுத்துக்கிச்சு. என் தப்பு. நீங்க விழுந்தது பதினோரு மணி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அங்க யாருமே இல்ல.”

தாவ்னோ வெகுநேரம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. மனதுக்குள் எதையோ முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறவரின் முகம் அது. ஜன்னலுக்கு வெளியே ஏரி வெளுத்துக் கிடந்தது.

“விழுந்தா கருவிய விட்டு நகராதேன்னு உங்க ஆளுங்கதான் சொல்லிக்குடுத்தாங்க,” என்றார் கடைசியில். “அது இருக்கற எடத்துக்குத்தான் வருவாங்கன்னு. நாங்க தங்கற குடிசை கல்லெறியற தூரத்துல இருந்துச்சு. அடுப்புல கனல் இருந்துச்சு. மொத அரை மணி நேரத்துல கையி நல்லாத்தான் இருந்துச்சும்மா, இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். யாரும் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா தவழ்ந்தே போயிருப்பேன்.”

கட்டிலின் கால்மாட்டில் போர்வை ஒரு காலின் மேல் மேடாகவும், இன்னொரு கால் இருக்கவேண்டிய பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.